அத்தைக்கு வச்ச ஞாயித்துக்கிழமைப் பரீட்சை

எங்க அத்தை, அதாவது என் மாமியார், தரையில உக்காந்து எந்திரிக்கப் பதினோரு செகண்டு ஆச்சு. குத்துமதிப்பாச் சொல்லல, ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்துச் சொல்றேன். பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துக்குன்னு வாங்கி வச்சிருந்ததைக் கேட்டு வாங்கிட்டு வந்து, மாமியாருக்கு முன்னால "ம், எந்திரிங்க"ன்னு பிடிச்சுக்கிட்டு நின்ன மருமக, கம்பம் ரோட்டுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

எழுபதுகளோட கடைசியில நடந்தது இது. தேனியில ஒரு பொம்பளப் பிள்ளைக ஹைஸ்கூல்ல நான் ட்ரில் டீச்சரா இருந்தேன். கழுத்துல விசில், கால்ல வெள்ளக் கேன்வாஸ் ஷூ. வீடு, வீரபாண்டிக்கு மூணு மைல் தள்ளி ஒரு சின்ன ஊர்ல. எங்க வீட்ல அவுக, என் வீட்டுக்காரரு, கரண்டு ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தாக. அவுக தம்பி, என் கொழுந்தன், வீட்டை ஒட்டுனாப்புல மளிகைக் கடை வச்சிருந்தாரு. எனக்குச் சுருக்குன்னு கோவம் வரும். அது ஊருக்கே தெரியும், இங்கன மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

அத்தைக்கு அப்ப அறுபத்திரெண்டு வயசு. அம்பது வயசு வரைக்கும் காட்டு வேலையில எந்த ஆம்பளைக்கும் சளைக்காம நின்னவுக. மகன்க ரெண்டு பேரும் தலையெடுத்ததும், "ஆத்தா, இனி நீங்க ஒரு வேலையும் பாக்கக் கூடாது. செவனேன்னு உக்காருங்க"ன்னு சொல்லிட்டாக. பாசத்துலதான் சொன்னாக. தண்ணி கொண்டாந்து குடுப்பாக, செருப்பை எடுத்துக் காலடியில போடுவாக, கீழ விழுந்த கொட்டைப்பாக்கைக்கூடக் குனிய விடாம எடுத்துத் தருவாக. பத்து வருசம் அப்படி உக்காந்ததுல, அந்த மனுசிக்கு எந்திரிக்கிறதே ஒரு வேலையாப் போச்சு. ஒரு கையைத் தரையில ஊனி, இன்னொரு கையால தூணைப் பிடிச்சு, "அம்மாடி"ன்னு ஒரு சத்தம் குடுத்துத்தான் எந்திரிப்பாக.

இதுல அவுகளுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்துச்சு. சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்னு நேந்திருந்தாக. வீட்டு வாசல்லருந்து சட்டியில தீ வளத்து, வெறுங்கால்ல, கையில வேப்பங்கொழுந்தை வச்சு ஏந்திக்கிட்டு மூணு மைலும் நடக்கணும். நடுவுல நின்னுக்கிடலாம், சட்டியைக் கீழ இறக்கக் கூடாது. நேந்து பதினோரு வருசம் ஆகிப்போச்சு. ஒரு வருசம் மாமா தவறிப்போயிட்டாக, அடுத்து கொழுந்தன் கல்யாணம், அடுத்து அது, அதுக்கடுத்து இதுன்னு தள்ளித் தள்ளி, கடைசியில முழங்கால் வந்து குறுக்க நின்னுருச்சு. எதுக்கு நேந்தீகன்னு கேட்டா, "அது எனக்கும் ஆத்தாளுக்கும்"னு அம்மன் இருக்கிற திசையைக் காட்டுவாக. அதுக்கு மேல வாயைப் பிடுங்க முடியாது.

அந்த வருசம் பொங்கல் கழிஞ்ச மறுநாள் அத்தை சொன்னாக, "இந்தச் சித்திரைக்கு நான் சட்டி எடுத்துருவேன்."

எங்க வீட்ல அவுக சாப்பிட்டுக்கிட்டிருந்த கையை நிறுத்திட்டு, "ஆத்தா, வெளையாடுறீகளா? தூணைப் பிடிக்காம எந்திரிக்க முடியல. நேத்திக்கடன்தான? நீங்க எடுத்தா என்ன, இவ எடுத்தா என்ன? வீட்டு மருமகதான. ட்ரில் டீச்சர் வேற. வீரபாண்டிக்கு ஓடியே போயிட்டு வந்துருவா"ன்னாக.

அத்தை என்னையப் பாக்கக்கூட இல்ல. "அவ எடுக்கக் கூடாது."

"ஏன் அத்தை?"

"எடுக்கக் கூடாதுன்னா கூடாது."

எனக்குச் சுரீர்னு ஏறிருச்சு. என் கைக்கு என்ன கொறச்சல்? இந்த வீட்டுக்கு வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு. சம்பளத்தைக் கொண்டாந்து குடுக்கத் தெரியுது, சோறாக்கிப் போடத் தெரியுது, சாமிக்குச் சட்டி எடுக்க மட்டும் ஆகாத கையா? அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு. அந்த வேகத்துல சொல்லிட்டேன், "அப்ப நீங்களே எடுங்க. ஒங்க காலை நான் நடக்க வைக்கிறேன். மூணு மாசம் இருக்குல்ல, பாப்போம்."

எங்க வீட்ல அவுக சிரிச்சாக. கொழுந்தன் அதுக்கு மேல சிரிச்சாரு. ஆனா என் வாயிலருந்து வந்தா நான் செய்வேன்னு அவுகளுக்குத் தெரியும். கடைசியில ஒரு பேச்சு முடிவாச்சு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்குறது. அத்தை நடையை நான் எழுதி வைக்கப்போற நோட்டு, முடியும்னு சொன்னா அத்தை எடுக்கலாம். முடியாதுன்னு சொன்னா, அத்தை மறுபேச்சுப் பேசாம என் கையில குடுத்துறணும். அத்தை வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "சரிடா"ன்னாக. அத்தை முகம் மட்டும் சுண்டிப்போச்சு.

மொத வேலையா தேனிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்ட்டக் காமிச்சேன். நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்துட்டு, "இருதயத்துக்கு ஒண்ணும் இல்ல, கால்லதான் பலம் இல்ல. மெல்ல மெல்ல நடக்கட்டும், மூச்சு வாங்குனா நிறுத்துங்க"ன்னாரு. அது போதும்னு வந்துட்டேன்.

எங்களுக்கு மதுரையில ட்ரெயினிங் குடுத்தப்ப, பதினஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு எப்படிப் பரீட்சை வைக்கிறது, எத்தனை தடவை பெஞ்சு மேல ஏறி இறங்கச் சொல்றது, அதெல்லாம் சொல்லிக் குடுத்தாக. அறுபத்திரெண்டு வயசு மாமியாருக்கு எப்படி வைக்கிறதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, நான் பட்டுப் படிச்ச வழிதான். கல்யாணமான மறுவருசம் டைபாய்டு வந்து ரெண்டு மாசம் படுத்த படுக்கையாக் கெடந்தேன். எந்திரிச்சப்ப கால் ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல. இன்னைக்குப் பத்து அடி, நாளைக்குப் பன்னெண்டு அடின்னு எண்ணி எண்ணித்தான் மறுபடி நடக்கவும் ஓடவும் பழகுனேன். அதையே அத்தைக்கும் வச்சேன்.

மூணு பரீட்சை. ஒண்ணு, தரையிலருந்து எந்திரிக்க எத்தனை செகண்டு. ரெண்டு, முக்காலியில உக்காந்து எந்திரிச்சு, உக்காந்து எந்திரிச்சு, அரை நிமிசத்துல எத்தனை தடவை. மூணாவது, எங்க வீட்டுக்குப் பின்னால இருந்த நெல்லடிக்கிற களத்தைச் சுத்தி நடக்கிறது. நீளம் தாண்டுறதை அளக்குற டேப்பைக் கொண்டாந்து களத்தைச் சுத்தி அளந்து பாத்தேன், நூறு மீட்டர் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பரீட்சை, மத்த நாள்ல விடியக்காலம் நடை.

மொத ஞாயிறு, எந்திரிக்கப் பதினோரு செகண்டு. முக்காலி ஆறு தடவை. களம் நாலு சுத்து, அதுலயும் மூணாவது சுத்துல வைக்கோல்போரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாக. நடந்து முடிச்சதும் கையைப் பிடிச்சு நாடியை எண்ணுனேன்.

"என்னத்தா சொல்லுது? பித்தமா, வாதமா?"

"நான் வைத்தியரா? எத்தனை தடவை அடிக்குதுன்னு எண்ணுறேன் அத்தை. போகப் போக இது கொறயணும்."

"நாடி கொறஞ்சா ஆளு போய்ச் சேந்துருவாகளேடி!"

எனக்குச் சிரிப்பு தாங்கல. எண்ணிக்கை விட்டுப்போச்சு. மறுபடி மொதல்லருந்து எண்ணுனேன்.

ஊர்ல சும்மா இருப்பாகளா? விடிஞ்சும் விடியாம களத்துல மாமியாக்காரி நடக்க, மருமகக்காரி நோட்டும் கையுமா நின்னா, தண்ணிக்குப் போற பொம்பளைகளுக்கு அதைவிட வேடிக்கை வேற என்ன வேணும்? "ஏக்கா, ஒங்க மருமக விசிலு ஊதுனாத்தான் சோறு போடுவாளா?"ன்னு ஒருத்தி கேட்டா. அத்தை நடையை நிறுத்தாமயே, "எம்மருமகளாச்சும் விசிலு ஊதுறா. ஒம்மருமக அடுப்பை ஊதுறாளா மொதல்ல பாரு"ன்னாக. அன்னைக்கு அத்தை ஒரு சுத்து கூடவே நடந்தாக. யாராச்சும் சீண்டுனா அவுக கால் தன்னால வெரசா நடக்கும்னு நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

மூணு வாரத்துல எந்திரிக்கிற நேரம் எட்டு செகண்டுக்கு வந்துச்சு. முக்காலி எட்டு. களம் பதிமூணு சுத்து. ஒருநாள் கீழ விழுந்த கரண்டியை அவுகளே குனிஞ்சு எடுத்தாக. எடுத்துட்டு என்னையப் பாத்தாக. நான் அவுகளைப் பாத்தேன். அன்னைக்குப் பூரா எனக்கு மனசு குளுகுளுன்னு இருந்துச்சு.

சும்மா நடந்தாப் போதாது, கையில பாரத்தோட நடக்கணுமே. ஒரு மண்சட்டி வாங்கி, முல்லையாத்து மணலைச் சலிச்சுப் போட்டு, கொழுந்தன் கடைத் தராசுல வச்சு, சட்டியோட சேத்துச் சரியா மூணு கிலோ நிறுத்தேன். இருபது சுத்து இதோட நிக்காம நடந்துட்டா, அங்கங்க நின்னு நின்னு மூணு மைலையும் தாண்டிரலாம்னு என் மனக்கணக்கு. நோட்டுல "சட்டி, மூணு கிலோ, இருபது சுத்து"ன்னு எழுதிக் கீழ ரெண்டு கோடு போட்டேன்.

அத்தை அந்தச் சட்டியை வாங்குன கையோட அதுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வச்சுட்டாக. வாயை மஞ்சத்துணியால கட்டிச் சாமி மாடத்துக்குக் கீழ கொண்டுபோய் வச்சாக. "இது ஆத்தாளுக்குன்னு எடுத்த சட்டி. இனி வேற ஆளு கை படக் கூடாது"ன்னாக.

"நான் கூடவா?"

"நீயுந்தான்."

மறுபடியும் சுருக்குன்னுச்சு. சரி, போங்க, ஒங்க சட்டி, ஒங்க சாமின்னு விட்டுட்டேன். மாசிக்கு மேல அந்தச் சட்டியை நான் விரலாலகூடத் தொடல.

சட்டி நடை மொத ஞாயிறு எட்டு சுத்து. அடுத்து பத்து. பங்குனி பொறக்கையில பதினாலு. வைக்கோல்போருக்குப் பக்கத்துல நின்னு நான் கைதட்டுனேன். கொழுந்தன்கூடக் கடையை விட்டு வந்து எட்டிப் பாத்துட்டு, "மதினி, ஆத்தாளை ஒலிம்பிக்குக்கு அனுப்பப் போறீகளா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. பரிகாசந்தான், ஆனா வாயெல்லாம் பல்லு.

அதுக்கப்புறம் பிடிச்சது சனி. அடுத்த ஞாயிறு பதிமூணு. போகட்டும், வெயில்னு நெனச்சேன். அதுக்கடுத்த வாரம் பன்னெண்டு. அப்புறம் பதினொண்ணு. மத்த ரெண்டு பரீட்சையும் ஏறிக்கிட்டே போகுது, முக்காலி பன்னெண்டு தடவைக்கு வந்துருச்சு, எந்திரிக்கிறது அஞ்சு செகண்டு, தூணே வேண்டாம். சட்டி நடை மட்டும் படி இறங்குது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்குறேன், ஒண்ணும் பிடிபடல. சோறு கூட வச்சேன், முருங்கைக்கீரை ஆக்குனேன், ரெண்டு நாள் ஓய்வு குடுத்தேன். ம்ஹூம்.

"என்ன அத்தை செய்யுது? நெஞ்சு அடைக்குதா? கால் வலிக்குதா?"

"கால் நல்லாத்தாண்டி இருக்கு. கைதான் கனக்குது."

"அதே மூணு கிலோதான அத்தை! போன மாசம் கனக்கல, இந்த மாசம் எப்படிக் கனக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? கனக்குது."

நான் பொறுமைக்காரி இல்ல. ஒருநாள் வாயை விட்டுட்டேன். "நான் பள்ளிக்கூடம் போனதும் மகன்க சொல்றதைக் கேட்டு நாள் பூரா உக்காந்துக்கிடுறீக. என்னைய ஏமாத்தி ஒங்களுக்கு என்ன கெடைக்கப்போகுது? கடைசியில நான்தான் சட்டி எடுக்கணும், அதுவும் ஒங்களுக்குப் பிடிக்காது"ன்னு கத்திட்டேன். அத்தை மறுநாள் விடியக்காலம் நான் முழிக்கிறதுக்கு முன்னாடியே களத்துல நடந்துக்கிட்டிருந்தாக. அதைப் பாத்ததும் எனக்கு என்னையவே அறையணும்போல இருந்துச்சு.

காப்புக் கட்டுறதுக்கு முந்தின ஞாயிறு வந்துருச்சு. எங்க வீட்ல அவுக பெஞ்சைத் தூக்கிட்டு வந்து களத்து ஓரத்துல போட்டு உக்காந்தாக. கொழுந்தன் கடைக்குப் பூட்டுப் போட்டுட்டு வந்துட்டாரு. நான் விசில் ஊதுனேன். அத்தை சட்டியை ஏந்திக்கிட்டு நடந்தாக. அஞ்சு, ஆறு, ஏழு. எட்டாவது சுத்துல கை லேசா நடுங்குச்சு. ஒம்பதாவது சுத்து முடிச்சதும் நின்னுட்டாக. "முடியலத்தா"ன்னு சட்டியை மெல்லக் கீழ வச்சாக. இருபது எங்க, ஒம்பது எங்க. என் கையில பென்சில் அசையல.

எங்க வீட்ல அவுக நோட்டை வாங்கிப் பாத்தாக. பதினாலு, பதிமூணு, பன்னெண்டு, பதினொண்ணு, ஒம்பது. விரலை வச்சு வரிசையாக் காட்டி, "நீ எழுதுனதுதான? ஒன் நோட்டே சொல்லுது. ஆத்தா, பேசுன பேச்சுப்படி நடந்துக்கிடுவோம். மனசை விட்றாதீக, இவ நல்லபடியா எடுப்பா"ன்னாக. குரல்ல நக்கல் இல்ல, பாவம், அவுகளுக்கும் வருத்தந்தான்.

அத்தை களத்து மண்ணையே பாத்துக்கிட்டு நின்னாக. பன்னெண்டு வருசத்துல அவுக கண்ணுல தண்ணியை நான் பாத்தது மாமா போனப்ப ஒரு தடவை, அப்புறம் அன்னைக்கு. "சரி. பேசுனது பேசுனதுதான்"னாக. எனக்கு நோட்டைக் கிழிச்சு அடுப்புல போடலாமான்னு வந்துச்சு.

கொழுந்தன் எந்திரிச்சாரு. "அழுது என்ன செய்ய? இந்தாங்க மதினி, சட்டியை நீங்க வாங்கிக்கிடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே குனிஞ்சு, ஒத்தக் கையால சட்டியோட விளிம்பைப் பிடிச்சுத் தூக்குனாரு.

"ஏலே, தொடாதடா!"ன்னு அத்தை கத்துறதுக்கும், "ஆத்தாடி!"ன்னு அவரு கத்துறதுக்கும் சரியா இருந்துச்சு. சட்டி ஒரு பக்கமாச் சாஞ்சு விழப் போச்சு. மறு கையைக் குடுத்துத் தாங்கிப் பிடிச்சாரு. அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கிட்டு என்னையப் பாத்தாரு. இருபது வருசமா பருப்பையும் புளியையும் அள்ளிப் போடுற கை அது. தராசுல வைக்கிறதுக்கு முன்னால எடை சொல்லிரும்.

"மதினி, இதுல எத்தனை கிலோ போட்டீக?"

"மூணு. ஒங்க தராசுலதான நிறுத்தேன்."

"மூணாவது முப்பதாவது! ஆறுக்குக் கொறயாது. நான் பந்தயமே கட்டுறேன்."

அத்தை பதறிப்போய், "எல்லாத்தையும் கொட்டிப்புடாதடா, அம்மனுக்கு வச்ச அரிசி"ன்னாக.

மஞ்சத்துணியை அவுத்தோம். உள்ள மணலுக்கு மேல இன்னொரு துணி விரிச்சிருந்துச்சு. அதுக்கு மேல சட்டி வாய் முட்ட அரிசி. எங்க ஊர்ப் பொம்பளைகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. உலை வைக்கையில சாமிக்குன்னு ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியா வைப்பாக. திருவிழாவுல அதைப் பொங்கி வச்சுப் படைப்பாக. பிடியரிசின்னு பேரு. வழக்கமா அத்தை அதை அடுப்படியில ஒரு டப்பாவுலதான் போடுவாக. இந்த வருசம் சட்டியில போட்டிருக்காக. தெனமும் ஒரு பிடி. ரெண்டு மாசத்துக்கு மேல.

"ஏன் அத்தை இதுல போட்டீக?"ன்னேன்.

"ஆத்தாளுக்குன்னு மஞ்சள் பூசி வச்ச சட்டியில வெறும் மண்ணையா வச்சிருக்கிறது? மனசு கேக்கல."

"ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லக் கூடாதா? கை கனக்குது, கை கனக்குதுன்னீகளே, இதுனாலதான்னு தோணலையா?"

"பிடியரிசி எங்கயாச்சும் கனக்குமாடி? ஒரு நாளைக்கு ஒரு பிடிதான"ன்னு அத்தை கேட்டாக. உண்மையாவே கேட்டாக.

கொழுந்தன் ஓடிப்போய்க் கடையைத் திறந்து தராசைத் தூக்கிட்டு வந்தாரு. களத்துலயே வச்சு நிறுத்தோம். ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நான் நோட்டைப் பிடுங்கிப் பதினாலை அடிச்சேன், பதிமூணை அடிச்சேன், எல்லாத்தையும் அடிச்சேன். ரெண்டு மடங்குக்கு மேல பாரத்தைத் தூக்கிக்கிட்டு ஒம்பது சுத்து நடந்திருக்கு இந்த மனுசி! நான் கோளாறு அவுக ஒடம்புலன்னு நெனச்சு, கத்தி, ஏமாத்துறீகன்னு வேற சொல்லிட்டேன். அங்கனயே அவுக கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். அழுதுக்கிட்டே சிரிச்சேன். "நாந்தான் அத்தை முட்டாள்"னேன். "ஆமா"ன்னாக அத்தை.

எங்க வீட்ல அவுக மட்டும் நம்பாம, "ஆறரைக் கிலோவுல ஒம்பது சுத்துன்னா பெரிசா?"ன்னு கேட்டாக. நான் விசிலை எடுத்தேன். "தம்பி, ஒங்களுக்கு முப்பத்தஞ்சு வயசுதான. சட்டி எப்படியும் ஒங்க கையிலதான் இருக்கு. நடங்க பாப்போம்."

கொழுந்தன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நெஞ்சை நிமித்திக் கெளம்புனாரு. கல்லாவுல உக்காந்தே வளந்த தொப்பை முன்னால போச்சு, ஆளு பின்னால போனாரு. ரெண்டாவது சுத்துல முகம் செவந்துச்சு. மூணாவதுல "மதினி, போதுமா?"ன்னாரு. நாலாவது சுத்துல பாதியில நின்னு, "அண்ணே, வந்து வாங்குண்ணே, கை கழண்டு போச்சு"ன்னு அலறுனாரு. அண்ணன் ஓடிப்போய் வாங்குனாக. வாங்குன மாத்திரத்துல அவுக முகம் மாறுனதைப் பாக்கணுமே. சட்டியைப் பாத்தாக, ஆத்தாளைப் பாத்தாக, அப்புறம் களத்தைச் சுத்தி ஒருதரம் பாத்தாக.

"காப்புக்கு மஞ்சக்கயிறு வாங்கியாச்சா?"ன்னு கேட்டாக. அவ்வளவுதான். அத்தை சிரிச்ச சிரிப்புல தண்ணிக்குப் போனவளுக எல்லாம் கொடத்தை இறக்கி வச்சுட்டு வந்துட்டாளுக.

மறுநாள் அத்தை சம்மதத்தோட அரிசியை எடுத்து வச்சுட்டு, வெறும் மூணு கிலோச் சட்டியை அத்தை கையில குடுத்தேன். "என்னத்தா, பஞ்சை அடைச்சிருக்கியா?"ன்னாக. இருபத்தாறு சுத்து நடந்தாக. நாந்தான் போதும் போதும்னு நிறுத்துனேன்.

திருவிழா அன்னைக்குக் காலையில, ஈரத்தோட மஞ்சச் சேலை கட்டி, கழுத்துல வேப்பிலை மாலையோட அத்தை வாசல்ல நின்னாக. சட்டியில தீ வளந்துச்சு. கொட்டு முழங்குச்சு. நான் சுள்ளிப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கூடப் போனேன், தீ அணைய விடாமப் போட்டுக்கிட்டே வரணும்ல. அன்னைக்கு எனக்கும் வெறுங்கால்தான். வருசமெல்லாம் கேன்வாஸ் ஷூவுக்குள்ள இருந்த கால், தார் ரோட்டுல ஒரு மைல் போறதுக்குள்ள பொத்துப் போச்சு. "நில்லுங்க அத்தை, கொஞ்சம் நில்லுங்க"ன்னு நாந்தான் கெஞ்சிக்கிட்டே போனேன். அவுக நாலு தடவைதான் நின்னாக, அதுவும் எனக்காகத்தான்னு பின்னால சொல்லிக் காமிச்சாக. பிடியரிசி மூட்டையைக் கொழுந்தன் தோள்ல வச்சுட்டோம். அவரு இன்னும் பின்னால, மூச்சு வாங்கிக்கிட்டு வந்தாரு. இடுப்புல ஸ்டாப்வாட்ச் வச்சிருந்தேன். பொத்தானை அமுத்தணும்ங்கிற நெனப்பே வரல.

கோயில்ல சட்டியைச் செலுத்திட்டு வெளிய வந்தோம். ஆத்தங்கரையில ஒரு மரத்தடியில அந்த அரிசியைப் பொங்க வச்சோம். மகன்க ரெண்டு பேரும் கரும்புச்சாறு வாங்கப் போயிட்டாக. அத்தை மணல்ல காலை நீட்டி உக்காந்திருந்தாக. உள்ளங்கை செவந்திருந்துச்சு, முகம் கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து பொத்துப்போன காலைத் தண்ணியில நனைச்சுக்கிட்டே கேட்டேன், "இப்பவாச்சும் சொல்லுங்க அத்தை. எதுக்கு நேந்தீக? நான் எடுக்கக் கூடாதுன்னு ஏன் அப்படி அடிச்சுச் சொன்னீக?"

அடுப்புல சுள்ளியைத் தள்ளிவிட்டாக. "ஒனக்குத்தான் நேந்தேன்."

"எனக்கா?"

"டைபாய்டுல கெடந்தியே. டாக்டரு வந்து, உசுருக்குப் பயம் இல்ல, ஆனா இனிமே ஓடியாடுற வேலையெல்லாம் நெனச்சுப் பாக்காதீகன்னுட்டாரு. ஒனக்கு ட்ரில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்து பெட்டிக்குள்ள கெடக்கு. நீ கொல்லைக்குப் போகச் செவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்த. ரெண்டு தடவை விழுந்த. விழுந்து, யாரும் பாத்துட்டாகளான்னு சுத்திப் பாத்த. நான் அடுப்படியிலருந்து பாத்தேன். அன்னைக்குத்தான் நேந்தேன். ஆத்தா, இவ பழையபடி ஓடிப்புட்டான்னா, நான் நடந்து வந்து ஒனக்குச் சட்டி எடுக்கிறேன்னு." பானை மூடியைத் தள்ளிப் பாத்தாக. "ஒனக்காக நேந்துட்டு ஒன் கையிலயே குடுத்து எடுக்கச் சொல்ல முடியுமா? அதான் கூடாதுன்னேன்."

பதினோரு வருசமா ஓடிக்கிட்டிருக்கேன், விசில் ஊதி ஊதி ஊர்ப் பிள்ளைகளை ஓட வச்சுக்கிட்டிருக்கேன், நானா எண்ணி எண்ணி நடந்துதான் எந்திரிச்சேன்னு பீத்திக்கிட்டும் இருக்கேன்.

"இத்தனை நாளா ஏன் அத்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்னைய நடக்க விட்டிருப்பியா? ஒங்களுக்கு எதுக்கு அத்தை கஷ்டம்னு நீயும் என்னைய உக்கார வச்சிருப்ப."

பானை பொங்கி வழிஞ்சுச்சு. அத்தை எந்திரிச்சாக. தூணும் இல்ல, கையைத் தரையில ஊனவும் இல்ல, "அம்மாடி"ன்னு சத்தமும் இல்ல. நான் எந்திரிக்கப் பாத்தேன், பொத்துப்போன கால் தரையில பாவ மாட்டேங்குது. மறுபடி மணல்லயே உக்காந்துட்டேன். அத்தை குனிஞ்சு கையை நீட்டுனாக.

"ம், எந்திரி"ன்னாக.